குழந்தைகளின் கரப்பானும் உணவொவ்வாமையும்

பேசத் தெரியாத பிள்ளை படும் துன்பத்தைக் கண்டு மனம் இளகாதார் இலர். பசித்தாலும் அழுகை, வயிறு நொந்தாலும் அழுகை, உடம்பு அரித்தாலும் அழுகை; அவ்வழுகையின் பொருள் இன்னதென்று உணர்ந்து பரிகாரம் தேடும் கடமை பெரியோருடையதாம். அங்ஙனம் உணர்வதில் நாம் பெரிதும் தவறிவிடுகின்ற ஒரு நோயைப் பற்றியே இவ்வியாசத்தில் ஆராயப் புகுகின்றோம். நம் நாட்டார் கரப்பான் என்றும், மேனாட்டு வைத்தியர் எக்ஸிமா என்றும் வழங்கும் தோல்நோயும், அதனோடு சேர்த்து இக்காலத்தில் மிகுதியாகப் பேசப்படும் உணவொவ்வாமையுமே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

இலக்கியமும் சரித்திரமும் இடம்பெறும் பக்கங்களில் கைக்குழந்தையின் தோல்நோய்க்கு இடம் ஏது என்று சிலர் வியக்கலாம். நம் மாணவருட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் தாய் தந்தையர் ஆவர். பழைய மாணவருட் பலர் இப்போதே ஆகியுள்ளனர். ஆசிரியருட் சிலர் பாட்டன், பாட்டி என்னும் பதவியையும் எய்திவிட்டனர். ஆதலால் இப்பொருளுக்குப் புறம்பானவர் நம்மில் அரியர். அன்றியும், அறிவியல் தன் கொள்கையொன்றைத் தானே திருத்திக்கொண்ட சிறந்த வரலாறு ஒன்று இப்பொருளினுள் அடங்கியிருக்கின்றது. அதுவும் கற்போர்க்கு உரியதன்றோ?

ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது

எமது உறவினர் இல்லமொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை முதற்கண் கூறுவோம். நான்கு மாதப் பெண்குழந்தை ஒன்றுக்குக் கன்னங்களிலும் முழங்கைகளின் வெளிப்புறத்திலும் சொரசொரப்பான தடிப்புக்கள் தோன்றின. இரவெல்லாம் தலையணையில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு அழுதது. தாய் கருவாடு உண்டதனால் வந்த வினை என்றனர் வீட்டு முதியோர். கருவாடு விலக்கப்பட்டது, தடிப்புக் குறையவில்லை. பின்னர்க் கத்தரிக்காய், முட்டை, மீன், பால், தயிர் என ஒன்றன்பின் ஒன்றாகத் தாயின் இலையினின்று நீங்கின. வைத்தியர் ஒருவர் குழந்தையின் இரத்தத்தைச் சோதிப்பித்து, ஒவ்வாதன என்று பன்னிரண்டு உணவுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தார். தாய் சோறும் மிளகுரசமுமே உண்டு மெலிந்தாள். எட்டாம் மாதத்தில் குழந்தைக்கும் அரிசிக் கஞ்சியன்றி வேறொன்றும் ஊட்டப்படவில்லை. எடை ஏறாது நின்றுவிட்டது. இத்தனைக்கும் பிறகு கரப்பான் மட்டும் இருந்தபடியே இருந்தது. “உன் நாக்கை நீ அடக்கியிருந்தால் பிள்ளைக்கு இந்தக் கதி வருமா?” என்று உற்றார் ஒருவர் அத்தாயை நோக்கிக் கூறியதை யாமே கேட்டோம்.

அவ்வார்த்தையில் உண்மை உளதா என்பதே நம் வினா. அதற்கு விடை காணுமுன் நோயின் இயல்பை அறிதல் வேண்டும்.

கரப்பானின் இயல்பு

கரப்பான் தொற்றுநோய் அன்று. பெரும்பாலும் பிறந்த ஆறு மாதங்களுக்குள்ளேயோ முதலாண்டு முடிவதற்குள்ளேயோ தோன்றும். கைக்குழந்தைகளுக்குக் கன்னம், நெற்றி, தலை, கைகால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களிலும், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களிலும் மிகுதியாகக் காணப்படும். தோல் வறண்டு, தடித்து, சில வேளை நீர் கசியும். தணிவதும் மீண்டும் கிளர்வதும் இதன் வழக்கம். எல்லாவற்றினும் முதன்மையான அடையாளம் அரிப்பே. அரிப்பில்லையெனில் அது கரப்பானா என்று ஐயுறவே வேண்டும்.

மேனாட்டு நூல்கள் சிவந்த தடிப்பு என்றே இதனை வருணிக்கும். நம்மவரது மாநிறத்திலும் கருநிறத்திலும் அச்சிவப்பு எளிதிற் புலனாகாது. பழுப்பாகவோ, ஊதாவாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ தோன்றும். ஆதலின் கண்ணால் மட்டும் நோக்காது விரலால் தடவியும் அறிதல் நன்று. நோய் தணிந்த பின்னர்க் கருமையாகவோ வெண்மையாகவோ தழும்பு போன்ற நிறமாற்றம் சில மாதங்கள் நிற்கும். அது மெல்ல மறைந்துவிடும்.

இன்னுமொன்று. வீட்டில் பலருக்கும் ஒருங்கே இரவில் அரிப்பு இருந்து, குழந்தையின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்கள் இருப்பின், அது கரப்பான் அன்று, சொறிசிரங்காக இருத்தல் கூடும். அதற்குச் சிகிச்சையே வேறு. வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்திட்டுக்கொள்ள வேண்டும். நோயின் பெயரைத் துணிவதற்கு வைத்தியரை நாடுதல் இதனால் இன்றியமையாததாகிறது.

இனி, இந்நோயின் காரணம் யாது? தோல் என்பது உடம்புக்கு ஏரிக்கரையும் வேலியும் ஆகும். உள்ளிருக்கும் ஈரம் வெளியே கசியாமற் காப்பது கரையின் தொழில். வெளியிலுள்ள தூசும் கிருமியும் உள்ளே புகாமற் காப்பது வேலியின் தொழில். கரப்பானுடைய குழந்தைக்குப் பிறவியிலேயே இக்காப்பு நலிந்திருக்கின்றது. 2006 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ சர்வகலாசாலையைச் சார்ந்த இர்வின் மக்லீன் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும், மேல்தோலை உறுதிப்படுத்தும் பிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுவில் குறையுடையோர்க்குக் கரப்பான் மிகுதியாக வருகிறதென்று கண்டறிந்தனர். இக்குறை கரப்பானுடையோர் அனைவர்க்கும் இல்லை. ஆயினும் நோயின் வேர் தோலிலேயே உளது என்னும் கொள்கை அன்று முதல் வலுப்பெற்றது. தாய் உண்ட கருவாடு அவ்வேர் அன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஒவ்வாமை என்பது யாது?

உடம்புக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை உடம்பு பகைவனென மயங்கிப் போர்தொடுத்தலே ஒவ்வாமை. 1906 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியரான கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பார் அலர்ஜி என்னும் சொல்லை இதன்பொருட்டு ஆக்கினார்.

1921 ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் இருவர் செய்த பரிசோதனை நினைவில் வைத்தற்குரியது. கியூஸ்ட்னர் என்பவருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. பிரௌஸ்னிட்ஸ் என்பவருக்கு அத்தொல்லை இல்லை. கியூஸ்ட்னரது இரத்தநீரில் ஒரு துளியைப் பிரௌஸ்னிட்ஸ் தம் தோலினுட் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றையும் செலுத்த, அங்கே தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைத் தாங்கிச் செல்லும் ஏதோ ஒன்று இரத்தநீரில் உளது என்பது இதனால் விளங்கிற்று. அஃது இன்னதென்று அறிய நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966 இல் அமெரிக்காவில் உழைத்த ஜப்பானியத் தம்பதிகளாகிய இஷிஸாகா இருவரும் அதனைப் பிரித்துக் காட்டினர். இம்யூனோகுளோபுலின் ஈ என்பது அதன் பெயர்.

இவ்வணு ஒருவர் இரத்தத்தில் ஓர் உணவுக்கெதிராக இருப்பது வேறு. அவ்வுணவை உண்டால் அவர்க்குத் தீங்கு நேர்வது வேறு. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம். காவற்காரன் ஒருவன் ஓர் ஆளின் முகத்தைக் குறித்து வைத்துக்கொள்வதனாலேயே அவனை அடித்து விரட்டுவான் என்று கூறிவிட இயலாது. கரப்பானுடைய குழந்தைகளின் இரத்தத்தில் இத்தகைய குறிப்புக்கள் பல இருக்கும். அவற்றுட் பல வெறுங்குறிப்புக்களே. பன்னிரண்டு உணவுகளின் பட்டியல் எழுந்தது இங்ஙனமே.

தோல்வழிப் பகை, வாய்வழி உறவு

அப்படியாயின் கரப்பானுக்கும் உணவொவ்வாமைக்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. மிக நெருங்கிய தொடர்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 5,000க்கு மேற்பட்ட ஒருவயதுக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, கரப்பானுடையோருள் ஐவரில் ஒருவருக்கு நிலக்கடலை, முட்டை வெண்கரு, எள் இவற்றுள் ஒன்றேனும் ஒவ்வாதிருந்தது. கரப்பான் இல்லாதோருள் 25 பேரில் ஒருவருக்கே அங்ஙனம் இருந்தது. ஆயின் இத்தொடர்பு நாம் எண்ணியபடி உணவினின்று தோலுக்குச் செல்வதன்று. பெரும்பாலும் தோலினின்று உணவுக்குச் செல்வதாம். இதனை அறிந்த வரலாறே முன்னர்க் கூறிய திருத்தத்தின் வரலாறு.

1998 இல் இங்கிலாந்து அரசாங்கத்தினரும், 2000 இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகத்தாரும், ஒவ்வாமைக் குடும்பங்களிற் பிறந்த பிள்ளைகளுக்கு நிலக்கடலையை மூன்றாண்டு வரை கொடாதீர் என்று அறிவுரை கூறினர். பசும்பாலை ஓராண்டு வரையிலும், முட்டையை ஈராண்டு வரையிலும், மீனை மூன்றாண்டு வரையிலும் விலக்குமாறும் அமெரிக்கக் கழகத்தார் கூறினர். பகைவனைச் சந்திக்காதிருந்தால் போர் நிகழாது என்பது அவர்தம் கருத்து. ஆயினும் ஒவ்வாமை குறையவில்லை. நிலக்கடலை ஒவ்வாமை அந்நாடுகளிற் பெருகவே செய்தது.

இலண்டனில் கிடியன் லாக் என்னும் பேராசிரியரும் அவருடன் உழைத்தோரும் இதனை ஆராயப் புகுந்தனர். நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோலிற் பூசப்பெற்ற குழந்தைகளிடையே அக்கடலையின் ஒவ்வாமை மிகுந்திருத்தலை 2003 இல் வெளியிட்டனர். பின்னர் 2008 இல், ஒரே இனத்தவரான யூதப் பிள்ளைகளை இலண்டனிலும் இஸ்ரவேல் நாட்டிலும் ஒப்பிட்டு நோக்கினர். இலண்டனில் நூற்றுக்கு 1.85 பேருக்கும், இஸ்ரவேலில் நூற்றுக்கு 0.17 பேருக்கும் நிலக்கடலை ஒவ்வாதிருந்தது. ஏறத்தாழப் பத்து மடங்கு வேற்றுமை. இஸ்ரவேலில் தாய்மார் நிலக்கடலையாற் செய்த மெல்லிய பொரியைப் பல் முளைக்கும் பருவத்திலேயே குழந்தைகளுக்குக் கொடுப்பர். இலண்டனிலோ அறிவுரைக்கு அடங்கிக் கொடாதிருந்தனர்.

இவ்வொப்பீடு ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்க்காது. ஆகவே நேரிற் சோதித்தறியத் துணிந்தனர். கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ உடைய, 4 முதல் 11 மாதம் வரையுள்ள 640 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரந்தோறும் நிலக்கடலையை உண்டனர். மற்றப் பிரிவினர் ஐந்து வயது வரை அதனைத் தொடவேயில்லை. முடிவு 2015 இல் வெளிவந்தது. விலக்கியோருள் நூற்றுக்கு 17.2 பேருக்கும், உண்டோருள் நூற்றுக்கு 3.2 பேருக்குமே ஒவ்வாமை தோன்றியிருந்தது. அப்பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதளவிற் மீண்டும் கண்டபோதும் விலக்கியோருள் 15.4, உண்டோருள் 4.4 என்னும் வேற்றுமை நிலைத்திருந்ததாக 2024 இல் அறிவித்தனர். ஜப்பானியர் 2017 இல் வெளியிட்ட ஆராய்ச்சி முட்டைக்கும் இவ்வுண்மையைக் காட்டிற்று. கரப்பானை நன்கு அடக்கி வைத்துக்கொண்டு, ஆறாம் மாதம் முதல் நன்கு வெந்த முட்டைப் பொடியைச் சிறிதளவே ஊட்டியதில், ஊட்டப்பெற்ற 60 பேருள் ஐவருக்கும், ஊட்டப்பெறாத 61 பேருள் இருபத்துமூவருக்கும் ஓராண்டில் முட்டை ஒவ்வாதிருந்தது.

இவற்றால் அறியக் கிடப்பது யாது? உணவுப்பொருள் வெடித்த தோலின்வழி நுழையுமாயின் உடம்பு அதனைக் களவாடப் புகுந்தவனெனக் கருதிப் பகைக்கும். வாயின்வழி முறைப்படி வருமாயின் விருந்தினனென ஏற்றுக்கொள்ளும். வீட்டுத் தூசிலும், பெரியோர் கைகளிலும், சாப்பாட்டு மேசையிலும் உணவின் நுண்துகள்கள் எப்போதும் உள்ளன. ஆகவே வேலி உடைந்து கிடக்க, வாயில் மட்டும் அடைத்து வைத்தோமாயின், உறவுக்கு வழியின்றிப் பகைக்கே வழிசெய்தவராவோம்.

நம் வீடுகளின் வழக்கம் ஒன்றையும் இங்கே நோக்குதல் வேண்டும். குழந்தையைப் பயற்றம்மாவோ கடலைமாவோ தேய்த்துக் குளிப்பாட்டுவது நம்மவர் மரபு. நலமுள்ள தோலுக்கு அது குற்றமன்று. ஆயின் ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பயன்படுத்தியோருள் 2,000க்கு மேற்பட்டோர், முன்னர்த் தடையின்றி உண்டுவந்த கோதுமையை உண்ணமாட்டாதவராயினர் என்பது யாவரும் அறிந்த செய்தி. அதனை நினைத்து, வெடித்த தோலின்மேல் உண்ணும் பொருளின் மாவைத் தேய்த்தல் தகாதென்பதே எம் கருத்து. இதனை முடிந்த முடிபென்று கூறோம். மேற்கூறியவற்றினின்று பெறப்படும் அனுமானமே. ஆயினும் மாவு தோலை உராய்ந்து உலர்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆதலால் விடுவதனால் நட்டம் ஏதும் இல்லை. நிலக்கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இவற்றைக் கரப்பான் உள்ள இடத்திற் பூசுதலையும் இவ்வாறே தவிர்த்தல் நன்று.

தோலைப் பேணும் முறை

கரையை அடைத்தலே முதற் சிகிச்சை. நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிஷத்திற்குள் குளிப்பாட்டி, துணியால் தேய்க்காது ஒற்றியெடுத்து, ஈரம் உலருமுன்னரே மணமற்ற களிம்பைத் தாராளமாகப் பூசுதல் வேண்டும். நாளைக்கு இருமுறையேனும் பூசுக. சிறு குப்பியொன்று ஒரு மாதம் வந்ததாயின், பூசியது போதாதென்று கொள்க. இங்கிலாந்து நாட்டு வழிகாட்டு நூல் ஒரு குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை வேண்டும் என்கிறது. வாசலின் போன்ற எளிய பொருளே போதும், விலையுயர்ந்தது வேண்டுவதில்லை. தேங்காயெண்ணெய் ஒவ்வும் குழந்தைக்கு அதுவும் உதவும். பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 பிள்ளைகளிடம் நடத்திய சோதனையில் அது கனிம எண்ணெயினும் நற்பயன் தந்ததாக 2014 இல் வெளியிட்டனர். ஆலிவ் எண்ணெயோ தோலின் காப்பைக் குலைப்பதாகக் கண்டுள்ளனர். களிம்பு தோய்ந்த துணி எளிதில் தீப்பற்றும். ஆதலால் அடுப்பையும் விளக்கையும் அணுகலாகாது.

நகங்களைக் குறைத்து வைத்தல், பருத்தியாடை உடுத்துதல், வியர்வையை உடனுக்குடன் ஒற்றியெடுத்தல், மணமுள்ள சவர்க்காரத்தையும் பொடியையும் விலக்கல் இவை நம் வெப்பநாட்டில் இன்றியமையாதன. சோறூட்டுமுன் வாயைச் சுற்றிச் சிறிது வாசலின் தடவினால் புளிப்பும் உப்பும் தோலை உறுத்தா. இன்னும் ஒரு சிறு விதி: சமையற்கையோடு குழந்தைக்குக் களிம்பு பூசலாகாது. கடலை அரைத்த கை, முட்டை உடைத்த கை, மீன் அரிந்த கை இவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே குழந்தையைத் தொடுக.

தடிப்புக் கிளர்ந்த காலத்துக் களிம்பு மட்டும் போதாது. ஸ்டெராய்டு மருந்து வேண்டும். 1952 இல் சுல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் ஹைட்ரோகார்ட்டிஸோன் களிம்பைத் தோல்நோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய நாள் முதல், கரப்பானுக்கு இதுவே முதன்மையான மருந்தாய் விளங்குகின்றது. இதன் பெயரைக் கேட்டே அஞ்சுவோர் பலர். அளவறிந்து, இடமறிந்து, வைத்தியர் குறித்த வீரியத்தில் இட்டால் அஞ்சவேண்டுவதில்லை. அஞ்சி இடாதுவிட்ட தோலே பின்னர்ப் பெருந்தொல்லை விளைக்கும். பெரியவர் ஒருவரது சுட்டுவிரல் நுனியிலிருந்து முதற்கணு வரை பிதுக்கிய மருந்து ஏறக்குறைய அரைக் கிராம். அது பெரியவர் உள்ளங்கை இரண்டளவு பரப்புக்குப் போதும். அஞ்சவேண்டுவது வேறொன்று உண்டு. ஸ்டெராய்டும், காளான் மருந்தும், கிருமி மருந்தும் ஒன்றாய்க் கலந்து கடைகளில் விற்கும் குழாய்க் களிம்புகளையும், சேர்ந்த பொருள் இன்னதென்று அச்சிடாத களிம்புகளையும் குழந்தையின் தோலில் இடாதிருத்தல் வேண்டும்.

உணவை ஐயுறும் முறை

உணவொவ்வாமை இருவகையாக வெளிப்படும். முதலாவது உடனொவ்வாமை. உண்ட சில நிமிஷங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தோலில் காணாக்கடி போன்ற தடிப்பு, உதடு இமை வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு இவற்றுள் சில தோன்றும். இங்ஙனம் நேர்ந்த உணவை வீட்டிலே மீண்டும் சோதித்தல் ஒருபோதும் கூடாது, வைத்தியரிடமே செல்க. இரண்டாவது தாழ்ந்து வரும் ஒவ்வாமை. பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துக் கரப்பான் கிளர்தலும், வயிற்றுக் கோளாறும் இதன் அடையாளம். இதனைத் துணிதல் அரிது. ஏனெனில் கரப்பான் தானாகவே கிளர்ந்து தணியும் இயல்பினது. நேற்று உண்டதொன்று, இன்று கிளர்ந்ததொன்று என்று முடிச்சுப் போடுதல் எளிது. அம்முடிச்சு மெய்யாதல் அரிது.

ஆகவே முறை இது. முதலிற் சொன்னபடி தோலைச் செம்மையாகப் பேணுக. கடுங்கரப்பான் அதற்கும் அடங்காதிருந்தாலோ, குழந்தை எடை ஏறாதிருந்தாலோ, ஒரே உணவுக்குப் பின் ஒரே விளைவு மீண்டும் மீண்டும் கண்டாலோ உணவை ஐயுறுக. ஐயுற்ற ஓர் உணவை மட்டும் வைத்தியர் குறித்த சில வாரங்களுக்கு நிறுத்துக. குணம் கண்டால் அதனோடு அமையாது, அவர் சொற்படி அவ்வுணவை மீண்டும் கொடுத்து, நோய் திரும்புகின்றதா என்று பார்த்தே முடிவுசெய்க. திரும்பவில்லையெனில் அவ்வுணவு குற்றமற்றது. நிறுத்தும்போது உள்ள ஊக்கம் திரும்பக் கொடுக்கும்போது நமக்கு இருப்பதில்லை. இதனாலேயே பல குழந்தைகள் காரணமின்றிப் பட்டினி கிடக்கின்றன. மேலும், ஒத்துவந்த உணவை நெடுநாள் நிறுத்திவைத்தால் உடம்பு அவ்வுறவை மறந்து பகைகொள்ளுதலும் உண்டு. ஆதலால் நிறுத்துதல் தீங்கற்ற செயலென்று எண்ணற்க.

தாய் என்ன உண்ணலாம் என்பது அடுத்த வினா. கரப்பான் பண்டம் என்று நம் முன்னோர் கத்தரிக்காய், கருவாடு, சோளம், கம்பு முதலியவற்றைக் குறித்தனர். அவர்தம் அனுபவத்தை இகழ்தல் எம் நோக்கமன்று. ஆயினும் ஒவ்வாமையைத் தடுக்கும்பொருட்டுப் பால் கொடுக்கும் தாய் தன் உணவைச் சுருக்கவேண்டுமென்று இன்றைய ஆராய்ச்சிகள் கூறவில்லை. குழந்தைக்குக் குறித்ததோர் ஒவ்வாமை உறுதிப்பட்டாலன்றித் தாய் நல்லுணவு உண்டு நலமுற இருத்தலே முறை. பசும்பால் ஒவ்வாதென்று தெளிந்த குழந்தைக்கு ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுத்தலும் தவறு. அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்தனவாதலால் ஒன்று ஒவ்வாதாயின் மற்றவையும் பெரும்பாலும் ஒவ்வா.

புதிய உணவு ஊட்டும் முறை

ஆறு மாதம் வரை தாய்ப்பாலே உணவாதல் வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் அறிவுரை. அதன்பின் கஞ்சி, பருப்பு, காய்கனிகளோடு, முட்டை, தயிர், கோதுமை ரவை, முள் நீக்கிய மீன், நிலக்கடலை, எள் ஆகியவற்றையும் ஓராண்டு நிறையுமுன்னரே ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தலாம். கடுங்கரப்பானோ, முன்னரே அறிந்த ஒவ்வாமையோ உடைய குழந்தைக்கு வைத்தியரைக் கலந்த பின்னரே நிலக்கடலையும் முட்டையும் தொடங்குக. காலந்தாழ்த்தாது அவரை ஐந்தாம் மாதத்திலேயே சென்று காண்க.

குழந்தை நலமாயுள்ள ஒரு நாள் முற்பகலில், புதிய உணவொன்றைக் கால் தேக்கரண்டி அளவு கொடுத்து, இரண்டு மணி நேரம் அருகிருந்து நோக்குக. தீங்கில்லையெனின் பின்னர்ச் சிறிது சிறிதாக மிகுத்து, வாரம் இருமுறை மும்முறை தவறாது கொடுத்து வருக. ஒருமுறை கொடுத்து நிறுத்திவிட்டால் உறவு நிலையாது. முட்டை கெட்டியாக வெந்ததாதல் வேண்டும். நிலக்கடலையை வறுத்து வழவழப்பாக அரைத்துக் கஞ்சியிற் கரைத்தே ஊட்டுக. முழுக்கடலை தொண்டையில் அடைத்து உயிருக்கே இறுதி தேடும். ஐந்து வயது வரை அதனைக் கொடுக்கவே கூடாது. தேனும் முதலாண்டில் ஆகாது.

அபாயக் குறிகள்

மூச்சுத் திணறல், தொடர்ந்த இருமல், குரல் மாற்றம், உடல் வெளிறித் துவளுதல் இவை உணவுக்குப் பின் தோன்றின் கணமும் தாழ்க்கலாகாது. குழந்தையைக் கிடத்தியபடியே வைத்து, 108 வண்டியை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. தொடையின் வெளிப்புறத்தே இடும் அட்ரினலின் ஊசியே அந்நேரத்து உயிர்காக்கும் மருந்து. பிற மருந்துகள் அதற்கு ஈடாகா. கரப்பான் மேல் மஞ்சள் நிறப் பொருக்கோ சீழோ காணின் கிருமி பற்றியதெனக் கொண்டு வைத்தியரை அடைக. கூட்டங்கூட்டமாகக் குழிந்த கொப்புளங்களும் காய்ச்சலும் ஒருங்கே வரின் அது உதட்டுக்கொப்புளக் கிருமியால் விளைந்த பெருந்தீங்கு. அன்றே மருந்து வேண்டும். உதட்டில் கொப்புளம் உள்ளார் எவரும் இக்குழந்தைகளை முத்தமிடலாகாது என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

முன்னர்க் கூறிய இல்லத்திற்கு மீள்வோம். ஒன்பதாம் மாதத்தில் வேறொரு வைத்தியர் அக்குழந்தையைக் கண்டார். பட்டியலைப் படிக்குமுன் குழந்தையின் தோலைத் தடவிப் பார்த்தார். மாவை நிறுத்தச் செய்து, களிம்பின் அளவையும் மருந்தின் அளவையும் தம் விரலாலேயே காட்டிக்கொடுத்தார். இரண்டு வாரங்களில் குழந்தை இரவில் உறங்கிற்று, தாயும் உறங்கினாள். பின்னர்ப் பன்னிரண்டு உணவுகளும் ஒவ்வொன்றாக, ஐயமுள்ளவை வைத்தியசாலையிலேயே, திரும்பக் கொடுக்கப்பட்டன. பதினொன்று குற்றமற்றவை எனத் தெளிந்தன. முட்டை மட்டும் ஊட்டிய பத்து நிமிஷத்தில் உடம்பெங்கும் தடிப்பை எழுப்பிற்று. அவ்வொவ்வாமை முதலிலேயே இருந்ததோ, வேலி உடைந்தும் வாயில் அடைத்தும் கிடந்த அம்மாதங்களில் வளர்ந்ததோ, இனி எவராலும் கூற இயலாது. ஆயினும் முட்டையும் பாலும் ஒவ்வாத பிள்ளைகளுட் பெரும்பாலோர் வளருந்தோறும் அவற்றை ஏற்கும் நிலையை எய்துவர். அந்நம்பிக்கை அவ்வில்லத்தார்க்கும் உண்டு.

அத்தாயை நோக்கிக் கூறிய சொல்லுக்கு விடை இதுவே: அவள் நாவில் குற்றம் இல்லை. குழந்தையின் தோல் நலிந்திருந்தது. அதனைப் பேணும் வழியை நாம் அறிந்திலோம். அறியாதவற்றின் பாரத்தையெல்லாம் எளியவளாகிய அவள்மேல் ஏற்றினோம். அறிவுடையோரும் பல்லாண்டு தவறான வழியைக் கூறியிருந்தனர். உண்மை புலப்பட்டபோது நாணாது தம் சொல்லை மாற்றிக்கொண்டனர். அவரினும் நாம் பெரியவர் அல்லேம். கல்லூரியில் ஆராய்ச்சியின் முறையைக் கற்போர், அடுத்த முறை அரிக்கும் உடம்போடு அழும் பிள்ளை ஒன்றைக் காணும்போது, தாயின் இலையை நோக்குமுன் பிள்ளையின் தோலைத் தொட்டுப் பார்ப்பாராயின், இவ்வியாசம் எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.